தேய்மான ஊசி பிறந்த கதை

போயிங் 737 ஆனாலும் ஏர்பஸ் ஏ320 ஆனாலும், பிரதான சக்கரத்துக்குள் குனிந்து பார்த்தால் பிரேக் தொகுதியிலிருந்து ஒரு சின்ன உலோக ஊசி நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். பார்க்கிங் பிரேக் போட்ட நிலையில்தான் அதைப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் தட்டுகள் தேயத் தேய ஊசி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். விளிம்போடு சமமாகிவிட்டால் தொகுதியைக் கழற்ற வேண்டியதுதான். சுபாங் விமான நிலையத்தின் ஹேங்கர்களில் டார்ச் விளக்கோடு நடக்கும் மெக்கானிக்குகளுக்கு இது அன்றாட வேலை, ஒரு சக்கரத்துக்குச் சில வினாடிகள்.

ஊசி பழைய பொருள். அதன் நீளம்தான் புதிது. எவ்வளவு தேய்ந்த பிரேக்கோடு ஒரு விமானம் கிளம்பலாம் என்ற இன்றைய கணக்கு 1988ஆம் ஆண்டு மே 21ஆம் தேதி டல்லஸ் விமான நிலையத்தின் ஓடுபாதை முனையில் பிறந்தது. கிளம்பலாம் என்றுதான் சொல்கிறேன். இறங்கலாம் என்று சொல்லவில்லை. பிரேக் என்றால் இறங்கும்போது மிதிப்பது என்றுதான் பயணிகள் எல்லோரும் நினைக்கிறோம். அந்தத் தட்டுகளை வடிவமைத்தவர்கள் பயந்ததோ வேறொரு கணத்துக்கு: முழு எரிபொருளும் முழு சுமையும் ஏற்றிக்கொண்டு, ஏறக்குறைய பறந்தேவிட்ட வேகத்தில், வேண்டாம் என்று முடிவெடுக்கும் கணம்.

இந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு என்பதால் கொஞ்சம் சுற்றிவருகிறேன். சுபாங் ஜெயா இன்று பேரங்காடிகளும் கல்லூரிகளும் நெரிசலுமாக இருக்கிறது. 1976இல் வீடமைப்புத் திட்டம் தொடங்கும் முன் அது சீபீல்டு தோட்டம், பால்மரக் காடு. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு வாளியும் உளியுமாகப் போன தமிழர்களின் இடம். சீபீல்டு ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தின் பெயரில் அந்தத் தோட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே வட்டாரத்தில், சுங்கை பீசி பழைய விமான நிலையத்துக்குப் பதிலாக, 1965 ஆகஸ்ட் 30ஆம் தேதி சுபாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு வடக்கே சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டம் இருந்தது. எந்தக் கன்று அதிகம் பால் தரும், எப்படி வெட்டினால் மரம் தாங்கும் என்று பல பத்தாண்டுகள் அங்கே பார்த்தார்கள். அந்த நிலமும் இப்போது குவாசா டமன்சாரா என்ற பெயரில் நகரமாகிவருகிறது.

விமான டயர் இன்றுவரை பெரும்பாலும் இயற்கை ரப்பராலேயே ஆனது. கார் டயரில் செயற்கை ரப்பர் பெரும் பங்கு பிடித்துவிட்டது. ஆனால் வானில் உறைநிலைக்குப் பல பத்து டிகிரி கீழே குளிர்ந்து, தரையைத் தொட்ட ஒரு நொடியில் சுழலத் தொடங்கி, பல டன் எடையில் நசுங்கி மீளும் பொருளுக்கு இயற்கை ரப்பரைப் போல் அமைந்தது வேறில்லை. நசுங்கி மீளும்போது தனக்குள் குறைவாகவே சூடாகும் குணம் அதற்கு உண்டு. கார் டயரில் காற்றழுத்தம் முப்பது சொச்சம் பிஎஸ்ஐ. 737இன் பிரதான சக்கரத்தில் அது சுமார் இருநூறு. கித்தா காட்டில் ஒட்டுப்பாலும் ஷீட்டுமாகப் பார்த்த பொருள் உலகின் எல்லா ஓடுபாதைகளிலும் கறுப்புக் கோடாகக் கிடக்கிறது.

பிரேக்கைப் பற்றிப் பேசுமுன் டயரைச் சொல்லக் காரணம், இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பவை. சக்கரத்தின் உட்குழியில் பிரேக், அதைச் சுற்றி வெளியே டயர். ஒன்றின் சூடு மற்றதற்குப் போகாமல் இருக்காது. இனி வரும் மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு இந்தக் குடித்தனம்தான் காரணம்.

தொடக்கத்தில் விமானத்துக்குப் பிரேக்கே கிடையாது. புல்வெளியில் இறங்கி, வாலில் இருந்த கட்டை தரையில் உரசி நின்றுவிடும். எடையும் வேகமும் கூடிய பிறகு கார் பாணி டிரம் பிரேக் வந்தது. 1940களில் தட்டு பிரேக் பரவியது. சுழலும் தட்டும் சுழலாத தட்டும் மாறிமாறி அடுக்கப்பட்டு, ஹைட்ராலிக் பிஸ்டன்கள் அந்த அடுக்கை நெருக்கும். தட்டுகள் உரசி, விமானத்தின் வேகம் அத்தனையும் சூடாக மாறும். இது முக்கியம்: பிரேக் வேகத்தை அழிப்பதில்லை, சூடாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அந்தச் சூடு வெளியேற மணிக்கணக்கு ஆகலாம்.

அடுத்த தொல்லை, சக்கரம் பூட்டிக்கொள்வது. விமானி பலமாக மிதித்தால் சக்கரம் சுழலாமல் நின்று, டயர் ஒரே இடத்தில் தேய்ந்து வெடிக்கும். 1950களின் தொடக்கத்தில் பிரிட்டனின் டன்லப் நிறுவனம் மேக்ஸரெட் என்ற கருவியைக் கொண்டுவந்தது. மின்னணுவியல் எதுவும் இல்லை. ஒரு சின்ன பளுச்சக்கரம் விமானச் சக்கரத்தோடு ஒட்டிச் சுழலும். பெரிய சக்கரம் திடீரென வேகம் குறைந்தால் பளுச்சக்கரம் தன் வேகத்தில் முந்தும். அந்த வித்தியாசம் ஒரு வால்வைத் திறந்து பிரேக் அழுத்தத்தை விடுவிக்கும். சக்கரம் மறுபடி சுழலத் தொடங்கியதும் அழுத்தம் திரும்பும். மழை ஓடுபாதையில் இது பெரிய வரம். 1966இல் ஜென்சன் எஃப்எஃப் என்ற பிரிட்டிஷ் காரிலும் மேக்ஸரெட்டைப் பொருத்தினார்கள். இன்று நம் கார்களில் இருக்கும் ஏபிஎஸ்ஸின் மூத்த அண்ணன் அதுதான். டன்லப் என்ற பெயர் மலாயாத் தோட்டக்காரர்களுக்குப் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இங்கே பெரிய பெரிய தோட்டங்கள் வைத்திருந்த நிறுவனம்.

ஜெட் விமானம் வந்ததும் கணக்கு மாறியது. 737-800இன் அதிகபட்ச எடை ஏறக்குறைய 79 டன். அது மணிக்கு 280 கிலோமீட்டரில் ஓடும்போது உள்ள ஆற்றல், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110இல் போகும் நானூறு கார்களின் ஆற்றலுக்குச் சமம். அதை நிறுத்த இருப்பது நான்கு சக்கரங்களின் பிரேக். இறங்கும்போது எரிபொருள் எரிந்து எடை குறைந்திருக்கும், வேகமும் குறைவு, முன்னால் ஓடுபாதை முழுதும் கிடக்கும். கிளம்பும்போது எல்லாமே தலைகீழ்: எடை உச்சம், வேகம் உச்சம், ஓடுபாதையில் பாதி ஏற்கெனவே பின்னால் போய்விட்டது.

இதற்காகத்தான் வி-ஒன் என்ற எண் உண்டானது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் எடை, வெப்பம், காற்று, ஓடுபாதை ஈரம் எல்லாவற்றையும் கணக்கிட்டு அதைக் குறிப்பார்கள். அந்த வேகத்துக்குள் நிறுத்த முடிவு செய்தால் ஓடுபாதைக்குள்ளேயே நின்றுவிடலாம். தாண்டிவிட்டால் ஓர் என்ஜின் போனாலும் பறந்துதான் ஆக வேண்டும். சுபாங்கின் ஓடுபாதை 3,780 மீட்டர், தாராளமானது. அப்படியிருந்தும் நண்பகல் 33 டிகிரியில் காற்று மெலிந்து, என்ஜின் உந்தம் குறைந்து, அதே வேகத்தை எட்டக் கூடுதல் தூரம் பிடிக்கும். அந்த வி-ஒன் எண்ணுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. பிரேக் சோதனைச்சாலையில் வேலை செய்தபடியே இன்றும் செய்யும் என்ற நம்பிக்கை. அது எத்தனை வகையில் பொய்க்கும் என்று ஒவ்வொரு விபத்தாகத்தான் தெரியவந்தது.

முதல் பாடம் சுவிட்சர்லாந்தில். 1963 செப்டம்பர் 4, காலை ஏழு மணி தாண்டிய நேரம், சூரிச் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஜெனீவா வழியாக ரோம் போகவேண்டிய சுவிஸ்ஏர் கேரவெல் விமானம், கிளம்புமுன் ஓடுபாதையில் பாதித்தூரம் போய்த் திரும்பியது. பனி எவ்வளவு அடர்த்தி என்று பார்க்கவும், ஜெட் என்ஜின்களின் சூடான காற்றால் அதைக் கலைக்கவும். என்ஜினை உயர்ந்த சக்தியில் வைத்துக்கொண்டு தரையில் மெதுவாக ஊர்ந்து போக வேண்டுமானால் ஒரே வழிதான்: பிரேக்கை மிதித்தபடியே போவது. அன்றைக்கு அது விபரீதமான செயலாக யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு விமானம் கிளம்பியது. சூடேறிய பிரேக்கால் இடப்பக்கச் சக்கரம் ஒன்றின் விளிம்பு உடைந்து, துண்டுகள் ஓடுபாதையில் கிடந்தன. ஏறிச் சென்ற விமானத்தின் பின்னால் வெண்புகை வால்போல் நீண்டது. விமானிகள் வழக்கப்படி சக்கரங்களை உள்ளே மடக்கினார்கள். அதாவது, தணலை வயிற்றுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே எரிபொருள் குழாய்களும் ஹைட்ராலிக் குழாய்களும் ஓடும் இடம். பத்து நிமிடத்துக்குள் விமானம் டூரெனேஷ் என்ற ஊரின் அருகே விழுந்து, அதில் இருந்த 80 பேரும் இறந்தார்கள்.

இந்த விபத்தைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்கு ஹும்லிகோன் என்ற கிராமம்தான் நினைவில் நிற்கிறது. இருநூறு பேர் அளவே வாழ்ந்த விவசாய ஊர். அங்கிருந்து 43 பேர் வேளாண் சுற்றுலாவாக அந்த விமானத்தில் ஏறியிருந்தார்கள், பலர் கணவனும் மனைவியுமாக. பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். ஐந்தில் ஒருவரை ஒரே காலையில் இழந்த ஊர் அது. அறுவடை நிலத்தில் நிற்க, அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து வேலை செய்து கொடுத்தார்கள்.

பிரேக்கின் முதல் குணம் இப்படிப் பதிவானது: அது எதையும் மறப்பதில்லை. ஓடுபாதைக்கு வருமுன் தரையில் செய்த காரியம், அதற்கும் முந்தைய இறக்கத்தில் மிதித்த மிதி, எல்லாம் தட்டுகளில் சூடாகச் சேர்ந்து காத்திருக்கும். விமானி புதிதாகக் கிளம்புகிறார், பிரேக் அப்படியில்லை. சக்கரத்தில் உருகும் செருகி ஒன்று வைக்கிறார்களே, அதற்குக் காரணம் இதுதான். குறிப்பிட்ட வெப்பத்தில் அதன் கலப்பு உலோகம் உருகி, டயரின் காற்றை மெல்ல வெளியே விட்டுவிடும். டயர் தட்டையாகிப் போவது நஷ்டம்தான். வெடிகுண்டு மாதிரி வெடிப்பதைவிட அது தேவலாம்.

ஆனால் செருகி எல்லாச் சமயத்திலும் காப்பாற்றாது. 1986 மார்ச் 31இல் மெக்ஸிகோ நகரிலிருந்து கிளம்பிய மெக்ஸிகானா நிறுவனத்தின் போயிங் 727, கால் மணி நேரத்தில் மலைப்பகுதியில் விழுந்தது. 167 பேர் இறந்தார்கள். விடாமல் உரசிக்கொண்டிருந்த ஒரு பிரேக், டயரைச் சூடாக்கியிருக்கிறது. டயரில் நைட்ரஜனுக்குப் பதில் சாதாரணக் காற்று இருந்தது. மிகச் சூடேறிய ரப்பர் உள்ளுக்குள் ஆவி விடும். அந்த ஆவியும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்தால் அது வெறும் அழுத்த வெடிப்பு அல்ல, எரிவெடிப்பு. மடக்கிய சக்கரம் வெடித்து எரிபொருள், ஹைட்ராலிக், மின் இணைப்புகளை அறுத்தது. இதற்குப் பிறகு, 1987இல், அமெரிக்க விமானத்துறை பெரிய விமானங்களின் டயருக்குள் ஆக்ஸிஜன் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று உத்தரவிட்டது. இப்போது நம்மூர்ப் பெட்ரோல் நிலையங்களில் கார்க்காரர்களிடம் நைட்ரஜன் விற்கிறார்கள். காரில் அதனால் பெரிய பயன் எதுவும் இருப்பதாக நான் நம்பவில்லை. விமானத்தில் அது உயிர்ப் பிரச்சினை.

சூடு ஒரு வழி. பிடிக்கக் கூடாத நேரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது இன்னொரு வழி. 1970 நவம்பர் 27இல் அலாஸ்காவின் ஆங்கரேஜில் கேப்பிட்டல் நிறுவனத்தின் டிசி-8, வியட்நாமுக்குப் போகும் அமெரிக்கப் படையினரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஓடுபாதையில் பனிக்கட்டி. பிரதான சக்கரங்கள் ஒன்றுகூடச் சுழலவில்லை. எல்லாம் பூட்டியபடி வழுக்கிக்கொண்டு போயின. காய்ந்த தளமாக இருந்திருந்தால் நூறு மீட்டருக்குள் விமானியே உணர்ந்திருப்பார். பனிக்கட்டி அந்த இழுவையை மறைத்துவிட்டது. வேகம் ஏறுவது மந்தம் என்று தெரிந்தபோது வி-ஒன் கடந்துவிட்டது. 229 பேரில் 47 பேர் இறந்தார்கள். எல்லாச் சக்கரங்களையும் பூட்டும் அளவு அழுத்தம் பிரேக்குக்குப் போயிருந்தது என்று விசாரணை சொன்னது. அந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது என்பதை அதனால் சொல்ல முடியவில்லை.

நாற்பது ஆண்டு கழித்து, 2011 செப்டம்பர் 7இல், ரஷ்யாவின் யாரோஸ்லாவில் அதே கதை இன்னும் எளிமையான வடிவில் திரும்பியது. லோகோமோட்டிவ் ஐஸ் ஹாக்கி அணியை ஏற்றிய யாக்-42. கருவி எதுவும் பழுதில்லை. விமானிகளில் ஒருவரின் கால் பிரேக் மிதியில் அழுந்தியிருந்தது, அவ்வளவே. இருவரும் அதற்கு முன் அதிகம் ஓட்டியது யாக்-40. அதில் காலை வைக்கும் பழக்கம் வேறு. ஓடும்போது பிரேக் பிடித்தால் வேகம் மட்டும் குறையாது, மூக்கும் தரையை நோக்கி அழுந்தும். அதனால் இழுத்தாலும் மூக்கு எழும்பவில்லை. ஓடுபாதையைத் தாண்டிப் போய் எழுந்து, உடனே விழுந்தது. 45 பேரில் ஒருவர்தான் பிழைத்தார்.

இனி டல்லஸ். இங்கே யாரும் சாகவில்லை. ஒருவேளை அதனாலேயே பொதுமக்கள் நினைவில் இது இல்லை. ஆனால் பிரேக்கின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நாள் கிடையாது என்பேன்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டிசி-10, பிராங்ஃபர்ட்டுக்குக் கிளம்புகிறது. நீண்ட பயணம், ஆகவே கனத்த எரிபொருள். வேகம் 166 நாட், வி-ஒன்னில் நிற்கிறது. மணிக்கு 300 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. அந்த நொடியில் இறக்கையின் முன்விளிம்பு ஸ்லாட்டுகள் சரியில்லை என்று ஒரு விளக்கு எரிகிறது. கேப்டன் நிறுத்த முடிவெடுக்கிறார். மனிதர் முடிவெடுத்துக் கை நகர்த்தும் நேரத்துக்குள் வேகம் இன்னும் சற்று ஏறியிருந்தது. ஆனாலும் முழு பிரேக், முழு எதிர்உந்தம். முதலில் எல்லாம் ஒழுங்காகப் போனது; விமானம் நன்றாகவே வேகம் குறைந்தது. 130 நாட் அளவில் பிடி தளர்ந்தது. பத்து பிரேக் தொகுதிகளில் எட்டு செயலிழந்துவிட்டன. ஓடுபாதையின் முனையை அது 97 நாட்டில், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டரில் தாண்டி, முன்சக்கரம் முறிந்து மண்ணில் நின்றது.

கழற்றிப் பார்த்தால் பிரேக்குகள் தேய்ந்திருந்தன. அது குற்றமல்ல, அன்றைய விதிப்படி அனுமதித்த அளவுக்குள்தான் தேய்ந்திருந்தன. ஊசி இன்னும் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருந்தது, மெக்கானிக் தவறு எதுவும் செய்யவில்லை. பிழை அந்த அளவைக் குறித்த மேசையில் இருந்தது. டிசி-10க்குச் சான்றிதழ் கொடுத்தபோது, நிறுத்தும் திறனைச் சோதித்தது புத்தம்புதிய பிரேக்குகளை வைத்து. தேய்ந்த பிரேக்கும் அன்றாட இறக்கங்களில் நன்றாகத்தானே பிடிக்கிறது என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். அன்றாட இறக்கம் பிரேக்கின் திறனில் ஒரு பங்கைத்தான் கேட்கும். தட்டு தேய்ந்தால் உள்ளே உலோகத்தின் நிறை குறைகிறது. நிறை குறைந்தால் அதே சூட்டுக்கு வெப்பம் மிக வேகமாக ஏறும். அந்தக் குறை கோடியில் ஒரு நாள், உச்ச எடையில் உச்ச வேகத்தில் நிறுத்தும்போதுதான் வெளியே வரும். அதுவரை பல்லாயிரம் இறக்கங்கள் எல்லாம் நலம் என்று பொய்ச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்.

அதன் பிறகுதான் அமெரிக்க விமானத்துறை, ஓடிக்கொண்டிருந்த விமான வகைகளின் பிரேக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, எவ்வளவு தேய்ந்தால் கடைசி நொடி நிறுத்தத்தைத் தாங்காது என்று கணக்கிடச் சொன்னது. பல வகைகளில் அனுமதித்த தேய்மானம் குறைக்கப்பட்டது. ஊசியின் பயன் நீளம் சுருங்கியது. 1998இல் அது புது விமானங்களுக்கான சான்றிதழ் விதியாகவே ஆனது. இப்போது ஒரு புதிய விமானம் விற்பனைக்கு வருமுன், தட்டுகளை எந்திரத்தில் செதுக்கித் தேய்மானத்தின் கடைசி எல்லைக்குக் கொண்டுவந்து, உச்ச எடை ஏற்றி, எதிர்உந்தத்தைத் தொடாமல், பிரேக்கால் மட்டும் நிறுத்திக் காட்ட வேண்டும். 2011இல் கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் வான்படைத் தளத்தில் போயிங் 747-8 இதைச் செய்த காட்சியைப் பார்த்திருப்பீர்கள். தட்டுகள் செஞ்சிவப்பாகக் கனன்றன, செருகிகள் உருகின, டயர்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. தீயணைப்பு வண்டிகள் பக்கத்திலேயே நின்றாலும் ஐந்து நிமிடம் கிட்டே வரக் கூடாது. உண்மையான விபத்தில் வண்டி வந்துசேர அவ்வளவு நேரம் ஆகலாம் என்பதால் அந்த விதி. அந்தப் பரீட்சைக்கு எழுதாத பெயர் டல்லஸ்.

பிரேக்கின் உடம்பும் இதற்குள் மாறிவிட்டது. எஃகுத் தட்டுகளுக்குப் பதில் கார்பன். பயணிகள் விமானத்தில் அதை முதலில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தது கான்கார்டு. செய்துகொடுத்தது மறுபடியும் டன்லப். எஃகைவிடப் பல நூறு கிலோ எடை மிச்சம், அதே எடைக்கு இரண்டு மடங்குக்கும் மேல் சூடு தாங்கும், உருகவும் உருகாது. கான்கார்டு 1977 டிசம்பரில் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு ஓடத் தொடங்கியது. மலாக்கா நீரிணை மேல் ஒலியை மிஞ்சிப் பறக்க மலேசிய அரசு சம்மதிக்கவில்லை. சில நடைகளிலேயே சேவை நின்று, 1979இல்தான் மீண்டும் தொடங்கியது. கான்கார்டு நம் தலைக்கு மேல் அதிகம் பறக்கவில்லை. அதன் பிரேக்கின் வாரிசுகள் நம் நாட்டிலேயே தயாராகின்றன. நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்கு அருகே செண்டாயானில், பிரெஞ்சு நிறுவனமான சாஃப்ரானின் கார்பன் பிரேக் ஆலை இருக்கிறது. கார்பன் இழைகளைப் பின்னி வளையமாக்கி, ஆயிரம் டிகிரி அளவு உலையில் வைத்து, இயற்கை வாயு போன்ற ஒன்றை மெல்லச் செலுத்துவார்கள். வாயுவிலுள்ள கார்பன் இழைகளின் இடுக்குகளில் படிந்து படிந்து இறுகும். ஒரு தட்டு முழுமையாக வாரக்கணக்கு ஆகும். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களாக இருந்த மாவட்டம் அது. டயருக்குப் பால் கொடுத்த மண் இப்போது பிரேக்கும் கொடுக்கிறது.

கார்பனுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. எஃகு, எவ்வளவு பலமாக மிதித்தோம் என்பதற்கேற்பத் தேயும். கார்பனோ எத்தனை முறை மிதித்தோம் என்பதற்கேற்பத் தேயும். தரையில் ஊர்ந்து போகும்போது தட்டித் தட்டி மிதிக்கும் குளிர்ந்த மிதிகள்தான் அதன் ஆயுளைத் தின்கின்றன. பழைய விமானிகளின் மென்மையான கால் இங்கே நல்ல குணமல்ல. ஒரே மிதியாக அழுத்திவிட்டு விட்டுவிடு என்று புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

இன்னொரு மாற்றம், மிதிக்கும் வேலையை விமானியிடமிருந்தே பிடுங்கியது. 737இல் ஆட்டோபிரேக் குமிழை ஆர்டிஓ, அதாவது கிளம்புவதைக் கைவிடும் நிலையில் வைத்துக் கிளம்புவார்கள். 90 நாட்டுக்கு மேல் விமானி உந்தத்தைக் குறைத்தால் போதும், அடுத்த கணமே முழு அழுத்தம் தானாகப் போய்ச் சேரும். போயிங்கும் அமெரிக்க அரசும் சேர்ந்து 1990களின் தொடக்கத்தில், நிறுத்த முயன்று ஓடுபாதை தாண்டிய ஜெட் விபத்துகளைத் தொகுத்தபோது, ஏறக்குறைய கால்வாசியில் தூண்டுகோல் டயர் அல்லது சக்கரக் கோளாறு என்று தெரிந்தது. பாதிக்கும் மேற்பட்டவற்றில் நிறுத்தும் முடிவு வி-ஒன் தாண்டிய பிறகு எடுக்கப்பட்டிருந்தது. டயர் வெடித்த சத்தம் கேட்டு நிறுத்தப் போனால், வெடித்த டயராலேயே பிரேக்கின் பிடி குறைந்திருக்கும். ஆகவே வேகம் ஏறிய பின் டயர் போனால் பறந்துவிடு என்பது இன்றைய பயிற்சி. பயணிக்கு இது தலைகீழாகத் தோன்றும். எனக்குமே இதை ஏற்றுக்கொள்ள நாளானது.

சுபாங்கின் பெரிய விபத்துகள் இறங்க வந்தபோது நேர்ந்தவை: 1977இல் எல்மினா தோட்டத்து மேட்டில் விழுந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் டிசி-8, 1983இல் ஓடுபாதைக்கு முன்னே தரைதட்டிய மாஸ் ஏர்பஸ், 1989இல் பூச்சோங் பக்கம் மலையில் மோதிய ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானம். பிரேக் அங்கெல்லாம் குற்றவாளியல்ல. ஆனால் இந்த வட்டாரத்தின் இப்போதைய பறப்பு முறைக்கு அது மிகவும் வேண்டிய ஆள். 1998இல் பெரிய ஜெட்டுகள் சிப்பாங்குக்குப் போய், சுபாங் விசிறி விமானங்களின் நிலையமாக இருந்தது. 2024 ஆகஸ்டில் ஒற்றை இடைவழி ஜெட் சேவைகள் இங்கே திரும்பின. அவை ஓடுவது மலிவுக் கட்டண யுகத்தின் கணக்கில். இறங்கி, ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, அரை மணிக்குள் மறுபடி கிளம்ப வேண்டும். ஒரு நாளில் ஆறு, எட்டு முறை.

பிரேக்கின் சூடோ விமானம் நின்ற உடனே உச்சத்தில் இருக்காது. தட்டுகளின் நடுவிலிருந்து பரவி, கால் மணி அளவு கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அதாவது புதுப் பயணிகள் பெட்டியை மேலே திணித்துக்கொண்டிருக்கும் அதே நேரம். ஏ320இல் பிரேக் வெப்பம் 300 டிகிரியைத் தாண்டினால் காக்பிட்டில் எச்சரிக்கை வரும், கிளம்பக் கூடாது. ஹைட்ராலிக் எண்ணெய் ஒரு சொட்டு கசிந்தாலும் சக்கரம் மடங்கியிருக்கும் அறைக்குள் தீப்பிடிக்காமல் இருப்பதற்கான எல்லை அது. குளிர்நாட்டில் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். நம்மூர் மதிய வெயிலில் தார்த்தளத்தின் மேல் நிற்கும் சக்கரம் ஆறுவதற்கு நேரமெடுக்கும். சில விமானங்களில் பிரேக்குக்கென்றே விசிறி வைத்திருக்கிறார்கள். விசிறி ஓடும்போது உணர்கருவி குளிர்ந்து எண்ணைக் குறைத்துக் காட்டும் என்பதால், அப்போது எல்லை 150 டிகிரி.

கதவு சாத்திய பிறகும் விமானம் நகராமல் நிற்க, பிரேக் ஆறட்டும் என்று கேப்டன் ஒலிபெருக்கியில் சொன்னால், கைப்பேசியில் நேரம் பார்த்து முணுமுணுப்பவர்களில் நானும் ஒருவன். கிளம்பிய பின்னும் சந்தேகம் தீராத விமானி ஒரு காரியம் செய்வார்: சக்கரங்களை உடனே மடக்காமல், சில நிமிடம் கீழேயே விட்டு வைப்பார். உந்து விசை வீணாகும், இரைச்சல் கூடும், எரிபொருளும் சற்றுச் செலவாகும். மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் காற்று தட்டுகளைக் குளிரவைத்த பிறகுதான் அவற்றை உள்ளே எடுப்பார்.